சத்தமில்லாத காத்தாடி

எங்கள் வான் வண்டியின் கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது. ஓடுகிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சத்தமில்லாத விசிறி. தேடித் தெரிந்தெடுத்தவன் நான்தான். இப்போதும் அதை நினைத்தால் என் தலையில் நானே நாலு குட்டுப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

வானை வாங்கியதே மனைவிக்கு மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தத்தால்தான். அவள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. என்னைக் கட்டித் திருகோணமலைக்கு வந்தவள். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தபோது, தகப்பனைப் பார்க்கவென்று ஒருமுறை கப்பல் ஏறினாள். கீழ்த்தட்டில் சனத்தோடு சனமாக நெருக்கி இருத்தினார்கள். கப்பல் அசைய முதலே மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். பிறகு சமாதானம் என்று பாதையைத் திறந்தார்கள். ஊரே யாழ்ப்பாணம் போய் வந்தது. நாங்களும் பஸ்ஸில் வெளிக்கிட்டோம். வவுனியாவைத் தாண்ட முடியவில்லை. புழுதியும் சனமும் புகையுமாக அவளை அந்த ஊர் ஆசுபத்திரியில் கிடத்திவிட்டுத்தான் ஓய்ந்தன.

"பாதை பூட்டிக் கிடந்தப்பவும் போகேல்ல. திறந்தப்பவும் போக ஏலாது. எனக்கெண்டு என்ன எழுத்தோ!" என்று ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வேலை முடிந்து ஊர் திரும்பியது. அவர்களிடம் ஒரு வான் இருந்தது. உள்ளே கட்டில், ஒரு சின்ன அலுமாரி, மூலையில் சமைக்க ஒரு பொம்மைக் குசினி. நின்று, படுத்து, ஆறுதலாக ஊர் போகக்கூடிய வண்டி. நான் பார்த்த அன்றே கேட்டு வாங்கிவிட்டேன். ஒரு குறைதான். கண்ணாடிகளைச் சாத்தினால் உள்ளே பாண் சுடுகிற போறணை. திறந்தால் புழுதி. ஏசி போட்டால் அவளுக்கு உடனே இழுக்கும். நுளம்பு கடிக்கிறதென்று திரி கொளுத்தினால் இன்னும் மோசம். ஆகவே கூரையை வெட்டி ஒரு விசிறி வைப்பது, உள்ளே கிடக்கிற வெக்கையை அது மேலாலே இழுத்து வெளியே தள்ளுவது என்று முடிவானது.

செய்தியை அவளின் தகப்பனுக்கு, என் மாமாவுக்கு, அவள்தான் சொன்னாள். மாமா கொஞ்சம் காது மந்தம். சந்திக்கடையிலிருந்து தொலைபேசி எடுத்து ஊருக்கே கேட்கக் கத்துவார். "பிள்ளை, காத்தாடி பூட்டியாச்சோ?" அன்றிலிருந்து அவர் சுகம் விசாரிப்பதே அதுவாகிவிட்டது.

பஸ்களுக்குப் பொடி என்கிற மேல்கூடு கட்டுகிற கிண்ணியா முஸ்லிம் ஒருவர் எனக்குப் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவேன். வாய் ஓயாத மனிதர், ஆனால் கை சுத்தம். கேட்டதும் மறுநாளே ஒரு விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வட்டமாக, சட்டி அளவில், பஸ் கூரையில் பூட்டுகிற சாமான்.

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க. ஆனைய உள்ள படுக்க வெச்சாலும் அதுக்கும் காத்து வரும்."

வானின் பற்றரியில் கம்பியைத் தொடுத்து ஓடவிட்டார். மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது எனக்கு. மனைவியோ அதன் முன்னால் போய் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். தலைமயிர் நாலு பக்கமும் பறந்தது. சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதையே பூட்டுங்கோ. வாற கிழமை வெளிக்கிடுவம்."

"உமக்கென்ன விசரே? இந்தச் சத்தத்துக்குள்ள வெளியில ஆர் வந்தாலும் தெரியாது."

"தெரியாட்டிப் போகட்டும். ஒரு நாளைக்கெண்டாலும் ஒண்டும் கேளாமல் நித்திரை கொள்ளுறனே."

இதை வேறு ஊர்க்காரருக்கு விளக்குவது கஷ்டம். எங்களுக்குக் காதுதான் காவல். துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாதென்று கடற்படை தண்ணீருக்குள் வெடி போட்டபடியே இருக்கும். அலுமாரிக் கண்ணாடி கிணுங்கும், நாங்கள் திரும்பிப் படுப்போம். ஆனால் வழமைக்கு மாறாக ஒரு நாய் குரைத்தால், மதிலோரம் யாரின் சப்பாத்தோ சரளையில் உரசினால், முழு வீடும் எழும்பி உட்கார்ந்துவிடும். சண்டை நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. வீட்டில் வானொலியைக்கூட நான் முணுமுணுப்பாகத்தான் வைப்பேன். அப்படிப்பட்டவன், வழியில் ஒரு தகரப் பெட்டிக்குள் மில்லை ஓடவிட்டுப் படுப்பேனா? நானாவும் என் பக்கம்தான் நின்றார்.

"சேர் சொல்றதும் சரிதான் தங்கச்சி. சோதனைச்சாவடியில வரிசையில கிடக்கக்க ஆமிக்காரன் வந்து தட்டினாக் கேக்கணும். கேக்காட்டி அவன் வேறமாதிரி நெனைப்பான்."

"அப்ப இப்போதைக்கு இதைப் பூட்டுங்கோ. பிறகு மாத்துவம்" என்றாள் அவள்.

அது ஏலாது என்றேன். கூரையை ஒருமுறைதான் வெட்டலாம். பெரிய வட்டமாக வெட்டிவிட்டால் பிறகு வேறு வடிவ விசிறி எதுவும் அதில் பொருந்தாது. நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

அடுத்ததாக, இறக்கக்கண்டிப் பக்கம் ஒருவர் உடைந்த படகிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்ன விசிறியைக் கொண்டுவந்து பார்த்தோம். நான் ஒரு சோதனை வைத்தேன். அவள் வானுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். நானா விசிறியை ஓடவிடுவார். நான் செருப்போடு வானைச் சுற்றி நடப்பேன், காய்ந்த பலாச் சருகை மிதிப்பேன், மெல்லச் செருமுவேன். கேட்டால் அவள் உள்ளிருந்து தட்ட வேண்டும். மத்தியான வெயிலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் வானைச் சுற்றிப் பதுங்கியதைப் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலாலே பார்த்து, "என்ன அண்ணை, வீட்டில ஏதும் பிரச்சினையே?" என்று கேட்டுவிட்டார். அந்த விசிறியில் நான் மிதித்த சருகெல்லாம் அவளுக்குக் கேட்டது. ஆனால் காற்றுத்தான் இல்லை. கதவைத் திறந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியவள், "உங்கட காலடி நல்லாக் கேக்குது. மூச்சுத்தான் விட ஏலாமல் கிடக்கு" என்றாள்.

கடைசியில் கனடாவிலிருக்கும் என் தம்பியிடம் சொன்னேன். இப்படியான வான்களுக்கென்றே செய்தது அங்கே கிடைக்குமாம். சதுர மூடி, கைப்பிடியைச் சுற்றினால் மேலே திறக்கும், மழைக்கும் பிரச்சினையில்லை, சத்தமே இல்லை. அனுப்பு என்றேன். கடல்வழிப் பொதி. அது எந்தெந்தத் துறைமுகத்தில் தூங்கியதோ தெரியாது. "காத்தாடி வந்திட்டுதோ பிள்ளை?" என்று மாமா கத்துவார். "கப்பல்ல வருது ஐயா!" என்று இவள் திருப்பிக் கத்துவாள். கத்தி முடிய இருமல் வரும். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

பொதி வந்து சேர மாரி மழையும் கூடவே வந்தது. நானா கூரையை அளந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்தார். வெட்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே கூரையைத் தாங்கும் சட்டம் ஒன்று ஓடியது. அதை வெட்டினால் கூரை தொய்ந்துவிடும். விசிறியைப் பின்பக்கம் தள்ள வேண்டும். கூரை வளைவு, விசிறியின் அடியோ மட்டம். இடைவெளிக்கு மரத்தில் சட்டம் இழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒட்டுகிற பசை காயும்வரை ஒரு சொட்டு மழையும் படக்கூடாது. அந்த வருடம் வானம் எங்களுக்காக ஒரு வெயில்கூட ஒதுக்கி வைக்கவில்லை. பொங்கல் கழித்துத்தான் கூரையில் வாள் வைத்தோம்.

வேலை என்னவோ திறமான வேலை. உள்கூரைத் தகட்டை ஒட்டாமல், திருகாணி வெளியே தெரியும்படி பூட்டச் சொன்னேன். சாவடியில் "மேலே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால் அங்கேயே கழற்றிக் காட்டலாம். அதற்கென்றே ஒரு திருப்புளியை முன் இழுப்பறையில் போட்டுவைத்தேன். கட்டில் முழுக்கப் பேப்பர் விரித்து அவளை உள்ளே இருத்திவிட்டு, நானும் நானாவும் கூரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. பிறகு மறுபடியும் சருகுச் சோதனை. நான் மிதித்த ஒவ்வொன்றுக்கும் அவள் தட்டினாள்.

"ஓடுதோ எண்டே தெரியேல்ல. ஆனால் மூச்சு லேசாக் கிடக்கு" என்று இறங்கி வந்தவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீங்கள் நானாவோட என்னைப் பற்றி நக்கல் அடிச்சதும் கேட்டது."

அந்த ஒரு தட்டுக்காக அவ்வளவு நாளும் காத்திருந்தது சரியென்றே நினைத்தேன். மாமாவுக்கு அன்றைக்கு நானே கத்தினேன். "பூட்டியாச்சு மாமா!" மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "அப்ப நானும் இஞ்ச என்ர வேலையைத் தொடங்கிறன்" என்றார். என்ன வேலை என்று கேட்க முதல் இணைப்பு அறுந்துவிட்டது.

வேலை முடியவே பங்குனி ஆகிவிட்டிருந்தது. சித்திரையில் எங்கள் ஊர் பற்றியெரிந்தது. சந்தையில் குண்டு, அதன் பிறகு கடை எரிப்பு, ஊரடங்கு. கொஞ்சம் தணியட்டும் என்றேன். தணிந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடலாம் என்று சாமான் அடுக்கினாள். மாமாவுக்கு இரண்டு வேட்டி, அவளுக்கு இழுப்புக் குழாய், பொம்மைக் குசினிக்குள் தேயிலையும் சீனியும். அந்த ஆவணிக்குள்ளேயே மூதூரில் சண்டை மூண்டு சனம் ஓடத் தொடங்கியது. நானாவின் கிண்ணியா வீடு முழுக்க அகதியாக வந்த உறவுக்காரர். யாழ்ப்பாணப் பாதையும் பூட்டுப்பட்டது. தொலைபேசியும் செத்துப்போனது. தேயிலையும் சீனியும் வானுக்குள்ளேயே கிடந்தன. எடு என்று நான் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மறுபடியும் கப்பல்தான் வழி என்றானது. அதில் வந்து இறங்கிய அம்மா ஒருவர் ஒரு காலையில் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். மாமா வீடு இருக்கிற ஒழுங்கையில், அதே சந்தில், இருப்பவராம். கதிரையில் இருக்கச் சொன்னோம். தேத்தண்ணி கொடுத்தோம். கிளாசை வாயில் வைக்காமலே சொன்னார். மாமா போய்விட்டார். எரித்து, எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. அறிவிக்க ஒரு வழியும் இருக்கவில்லை.

மனைவி சத்தம் போடவில்லை. "கஷ்டப்பட்டவரோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நித்திரையிலதான் போனவர். நீங்கள் வாறியள் எண்டு வாசல் படலையைப் பிடுங்கி, வேலியையும் வெட்டி, பாதையை அகட்டி வைச்சவர். 'அவளின்ர வான் உள்ள வரவேணும், றோட்டில விட்டா ராவில பயப்பிடுவாள்' எண்டு. பாதை பூட்டின பிறகும் அடைக்கவிடேல்ல. நாங்கள் சொல்லிப் பாத்தம், மாடு வந்து வாழையைத் தின்னுது எண்டு. கேக்கேல்ல." கிளாசைக் கதிரையடியில் வைத்தார். "அதால பாடையை எடுக்கவும் சுகமாப் போச்சு."

அந்த அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் மனைவி இல்லை. வானின் கதவு சாத்தியிருந்தது. கூரையில் மூடி நிமிர்ந்து திறந்திருந்தது. விசிறியைப் போட்டிருந்தாள். ஏன் போட்டாள் என்று எனக்குத் தெரியும். தொய்வுக்கு அல்ல. அழுதால் பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் கேட்கக்கூடாது என்று, அந்த நேரத்து மறதியில்.

ஐயோ, எல்லாம் கேட்டது. ஒரு காலடிச் சத்தத்தையும் மறைக்காத விசிறி அழுகையையா மறைக்கும்? "ஐயா, ஐயா" என்று அவள் தலையணைக்குள் சொல்வதும், இடையில் மூச்சு இழுப்பதும், திறந்த மூடியால் மேலே வந்து வளவு முழுக்கக் கேட்டது. நானா கொண்டுவந்த பஸ் விசிறியைப் பூட்டியிருந்தால் அவள் எப்போதோ அந்தப் படலைக்குள் போய் இறங்கியிருப்பாள். இங்கே நின்று நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. கதவைத் தட்டப் போனேன். தட்டினால் எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நான் திரும்பிப் போய்க் கிணற்று மோட்டரைப் போட்டேன். பழைய மோட்டர், ஒழுங்கையின் மறுமுனை வரைக்கும் கத்தும், வேறெதுவும் கேட்காது. தண்ணீர்த் தாங்கி நிரம்பி, சுவரால் வழிந்து, வாழைப்பாத்தி எல்லாம் வெள்ளமாகியது. அவள் கதவைத் திறந்துகொண்டு வரும்வரை நான் அதை நிறுத்தவில்லை.