கொசுவலைக்குள் குதிரை

அந்தக் குதிரைக்கு வால் பாதிதான் இருந்தது. குதிரை வண்டிக்காரர் பாயிடம் வருவதற்கு முன்பே ஏதோ வண்டிச் சக்கரத்தில் சிக்கி அறுந்துபோனதாம். மழைக்காலத்தில் அந்தக் குறை தெரியாது. சித்திரை பிறந்து செஞ்சி மலைப் பாறைகள் காய ஆரம்பித்ததும் தெரியும். கடைவீதி முனையில் நிற்கும் மற்றக் குதிரைகள் வாலைச் சுழற்றி ஈயை விரட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் தோலைச் சிலிர்த்துச் சிலிர்த்துக் காலை உதைத்துக்கொண்டிருக்கும். பாய் சாக்கு நூலைப் பிரித்துக் குஞ்சமாகக் கட்டி அதன் கண்களுக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். வயிற்றுக்கு வேப்பெண்ணெய் தடவுவார். சவாரி இல்லாத நேரமெல்லாம் பக்கத்தில் நின்று வேப்பங்கொத்தால் வீசுவார். கட்டின பெண்டாட்டிக்குக்கூட அவர் இப்படி வீசியதில்லை என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரிப்பார், கை நிற்காது.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். பஸ் போகாத ஊர்களிலிருந்து ஆள் வந்தால் பாயின் வண்டியில்தான் போவேன். ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். நான் வீட்டுக்குள் இருக்கும்வரை வெளியே எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட “இன்னும் ஆகலியா?” என்று அவர் குரல் கொடுத்ததில்லை.

அந்தக் கோடையில் குதிரையின் முதுகு மேட்டில், சேணம் அழுத்தும் இடத்தில் புண் வந்தது. எலுமிச்சம்பழ அளவு. இரண்டே நாளில் ஈ முட்டையிட்டுப் புழு நெளிந்தது. பாய் ஆஸ்பத்திரி வாசலுக்கே குதிரையை நடத்திக்கொண்டு வந்து நின்றார். “நர்ஸம்மா, மனுசனுக்குப் பாக்கற மாதிரியே பாருங்க, போதும்” என்றார். எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? புண்ணைக் கழுவி, கற்பூரத் தைலம் விட்டு, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தேன். மலையடிவாரத்தில் சீத்தா இலை பறித்து அரைத்துப் பூசச் சொன்னேன். “பதினைஞ்சு நாளைக்கு முதுகுல சேணம் படவே கூடாது பாய்” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

அவர் அப்படியே கேட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைவீதியில் மூட்டை தூக்கிப் புல் வாங்கிப் போட்டார். புண் ஓரத்திலிருந்து சுருங்கி, இளஞ்சிவப்பாகத் தோல் மூட ஆரம்பித்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தை விரலால் சுற்றிக் காட்டுவார்.

பதினோராம் நாள் அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றப் போய்விட்டன. கடைவீதியில் ஒரு வண்டி இல்லை. உச்சி வெயிலில் அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு கிழவி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். மருமகளுக்கு முந்தின நாளிலிருந்து வலி. தலைப்பிரசவம். ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

நான் நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன்.

“சேணம் வெக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். நேத்துலேருந்து வலியாம் பாய். தலைச்சன் பிள்ளை.”

அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய்ப் போர்வையை எடுத்து நாலாக மடித்து, புண்ணுக்கு நேராக வட்டமாகக் கத்தரித்தார். அதை முதுகில் போட்டு, அதன்மேல் சேணத்தை வைத்தார். வண்டியைப் பூட்டினார்.

அந்த வீட்டில் குதிரையை நிழலில் கட்ட இடம் கிடைத்தது, மாட்டுக் கொட்டகை ஓரத்தில். பக்கத்திலேயே எருக்குழி. பாய் வழக்கம்போல் வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு நின்றார். அவரை அங்கிருந்து வேலைக்குக் கூப்பிட்டது நான்தான். கிழவி களைத்து விழுந்துவிட்டாள். தண்ணீர் இறைக்க, விறகு பிளக்க, அடுப்பு அணையாமல் பார்க்க ஆள் இல்லை. வாசலுக்கும் வயற்கிணற்றுக்குமாக அவர் நடந்துகொண்டே இருந்தார். பிள்ளை பிறக்க நாலு மணி நேரம் ஆனது. நான் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது குதிரை தலையைத் தொங்கவிட்டு நின்றிருந்தது. போர்வை நழுவிப் புதுத்தோல் கிழிந்திருந்தது. அந்த இடம் சிவப்பாகத் தெரியவில்லை. கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. பாய் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் ஈயை வழித்து எறிந்தார்.

திரும்பும்போது இருவருமே வண்டியில் ஏறவில்லை. செஞ்சி வரைக்கும் குதிரையோடு நடந்தோம்.

மறுபடி கழுவினேன், மறுபடி புழு எடுத்தேன். பத்து நாள் கழித்துப் பாய் வந்து, “கழுத்தைத் திருப்ப மாட்டேங்குதும்மா, தண்ணி காட்டினா வாய் தொறக்கல” என்றார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கண்ட அரிவாளால் தொப்புள்கொடி அறுத்த குழந்தைகளுக்கு அப்படித் தாடை கிட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். டெட்டனஸ். திண்டிவனத்திலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தோம். குதிரைக்கு வேண்டிய அளவு விஷமுறிவுச் சீரம் இந்தப் பக்கத்தில் எங்கும் கிடைக்காது, கிடைத்தாலும் காலம் கடந்துவிட்டது என்றார். எங்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது மனிதர்களுக்கே போதாது. அந்தச் சீரத்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் பாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நோயில் சின்னத் தொடுதலையும் உடம்பு தாங்காது. ஓர் ஈ உட்கார்ந்தால் போதும், குதிரையின் நாலு காலும் மரக்கட்டையாக விறைத்து உடம்பு வில்லாக வளைந்தது. வேப்பங்கொத்து வீசும் காற்றுகூட அதை உலுக்கியது. அத்தனை வருஷம் வீசிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாய் நின்றார். நான் வீட்டுக்கு ஓடி என் கொசுவலையை எடுத்து வந்தேன். கொட்டகையில் நாலு கழி நட்டு, மேலே படாமல் கட்டினோம். உள்ளே பாதி வாலோடு குதிரை அசையாமல் நின்றது. வெளியே வலை முழுக்க ஈ. பாய் குந்தி உட்கார்ந்து, ஓட்டை வழியாக ஒன்று நுழைந்தாலும் விரலால் நசுக்கினார். நான் வேலை முடிந்து வந்து எதிர்ப்பக்கம் உட்கார்வேன். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அது விழுந்தது. வலையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

ஒரு வாரம் கழித்துப் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வலையைத் துவைத்து, கிழிசலைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். என் பேச்சைக் கேட்டுத்தானே சேணம் வைத்தார், அதைச் சொல்லிக் கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்:

“அன்னிக்குப் பொறந்துச்சே, இன்னா கொழந்தைம்மா? நான் கேக்கவே இல்ல.”

“ஆண் பிள்ளை பாய்.”

“வாயத் தொறந்து பால் குடிக்குதா?”

“குடிக்கிறான்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. கடைவீதியில் மூட்டை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். எதிரே வந்தால் நின்று ஒதுங்கி வழிவிடுவார். இரண்டு வருஷத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அதுவரை எத்தனையோ தடவை வாயெடுத்தும் அவரிடம் அதைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை. இப்போது எனக்கு எண்பதை நெருங்குகிறது. அன்றைக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தட்டியது சரி என்றும் சொல்ல முடியவில்லை.