கேன்டீன் கிணற்றுத் தண்ணீர்

யார் தண்ணீர் கொடுத்தாலும் சூசைமுத்து டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, மோந்துவிட்டுத்தான் குடிப்பார். ரசாயன ஆலையில் பதினோரு வருடம் சோதனைப் பாட்டில் நிரப்பியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மாதாமாதம் அரசாங்கத்துக்குப் போகும் அந்தப் பாட்டிலில், ஆலை வாய்க்காலில் விடும் கழிவுநீர் இருக்க வேண்டும். மேனேஜர் சொல்படி அவர் கேன்டீன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி அனுப்பினார். வாய்க்காலில் மீன் செத்து மிதந்த மாதத்திலும் தாளில் எல்லாம் சுத்தமாகவே இருந்தது.

எண்பத்து நான்காம் வருடம் ஒரு பாட்டில் சோதனையில் தேறவில்லை.

"கழிவுக் குழாயில புடிச்சு அனுப்பிட்டியாய்யா? சோறு போட்ட எடத்துக்கே வேட்டு வைக்கிறியா?" என்றார் மேனேஜர்.

"கெணத்துலதாங்க மொண்டேன். மாதா மேல சத்தியமா."

அன்றே வேலை போயிற்று. வாய்க்காலை ஒட்டிய தருமபுரத்திலோ அவரை நேர்மையான மனுஷன் என்று கொண்டாடினார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு மாட்டைப் பறிகொடுத்த செல்லையன் வாழைத்தாரோடு வந்தார்.

"நீங்க ஒருத்தராவது உள்ளத அனுப்புனீங்களே!"

"நான் அனுப்பலங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லி அலுத்திருந்த சூசைமுத்து, தாரை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது நிஜம் என்று மறு வருடம் அந்தக் கிணற்றை மூடியபோதுதான் தெரிந்தது. கழிவு ஊறி ஊறிக் கிணறே கெட்டிருந்தது. மேனேஜரும், தினமும் மோந்து பார்த்த சூசைமுத்துவும் அதைத்தான் குடித்திருக்கிறார்கள்.