அல்மோராவில் என் மனைவிக்கு என்ன வேலை

மலைக்குப் போகலாம் என்று என் மனைவி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தில்லியில் ஜனக்புரிக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் அவளாக ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அங்கே போகலாம் என்றதில்லை. திருநெல்வேலியில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால்கூட டிக்கெட் எடுப்பது நான்தான். இந்தத் தடவை ரயில், டாக்ஸி, மூன்று ஊரிலும் தங்க அறை என்று எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிட்டு, "ஏப்ரல் ரெண்டாவது வாரம் கெளம்புதோம், அச்சா?" என்றாள்.

"நைனிதால் போதாதா? ராணிகேத், அல்மோராவெல்லாம் எதுக்கு?"

"போறதுதான் போறோம், மூணையும் பாத்துருவோமே."

நான் அரசாங்க இலாகா ஒன்றில் விஜிலென்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகிற புகார்களைப் படித்து, யார் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. வேலை முடிந்தாலும் அந்தப் புத்தி முடியவில்லை. அவள் தில்லித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து, அதற்கு முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அதிலிருந்து பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது வழக்கமாகியிருந்தது. நான் கதவைத் திறந்தால் பேச்சு உடனே ரசப்பொடிக்குத் தாவிவிடும்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஒரு பழுப்பு நிற ஃபைல் இருந்தது. அதற்கும் அடியில் கஞ்சி போட்டுத் தேய்த்த சுங்குடிச் சேலை ஒன்று. குளிர்ப் பிரதேசத்துக்கு யார் சுங்குடிச் சேலை கொண்டுபோவார்கள்? ஃபைலைப் பிரிப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிட்டது.

மலையடிவாரத்துக் காத்கோதாம் வரை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். வீட்டை விற்றுவிட்டு மலையில் இடம் வாங்கும்படி மகள் தூண்டிவிடுகிறாளோ? இல்லை, இவளுக்கு நோய் எதுவும் வந்து, வைத்தியத்தை ஒளிக்கிறாளோ? மூன்றாவதாகவும் ஒன்று தோன்றியது. அறுபது வயது மனைவியைப் பற்றி அப்படித் தோன்றியதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

நைனிதாலில் ஏரியைப் பார்த்த அறை. மறுநாள் காலை டீ குடித்ததும் அவள் புறப்பட்டாள். "நீங்க படுத்திருங்க. நான் ஒரு எட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன்." உடுத்தியிருந்தது சுங்குடிச் சேலை. மேலே சால்வை.

"நானும் வாரேன்."

"உங்களுக்குத்தான் முட்டு வலி. ஏத்தமா இருக்கும்."

ஏரிக்கரைக் கோயிலுக்குப் போகும் பாதை மட்டமானது. நேற்று மாலையே பார்த்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை, கையில் பிரசாதம் இல்லை. முகம் வாடியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது. பிற்பகல் படகில் போனோம். படகுக்காரர் கேட்டதற்கெல்லாம் அவள்தான் இந்தியில் பதில் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ராணிகேத்தில் சால்வை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

"ஒண்ணும் அமையலையா?"

"அமையல," என்றாள். குரலில் இருந்தது சால்வைக்கான வருத்தம் இல்லை.

அன்று மீதிப் பொழுதெல்லாம் தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்தோம். வானம் விலகி, தூரத்தில் பனிச்சிகரங்கள் வரிசையாகத் தெரிந்தன. நான் சிகரங்களைப் பார்க்காமல் அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு ஃபைலின் முனை அதில் நீட்டிக்கொண்டிருந்தது.

அல்மோராவில் அவள் காரணம்கூடச் சொல்லவில்லை. "இன்னா வந்துருதேன்," என்று படியிறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். கல் பாவிய கடைத்தெரு நெடுக ஏற்றம். மிட்டாய்க் கடைகளில் சர்க்கரை மணிகள் ஒட்டிய பால் மிட்டாயை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் எதையும் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறினாள். எனக்கு மூச்சு வாங்கியது. தெரு முடிந்து ஒரு சந்தில் திரும்பி, நீலத் தகரக் கூரை போட்ட கட்டடத்தின் கேட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

காவலாளி என்னை மறித்தார். உள்ளே போனது என் மனைவி என்றேன்.

"மேடமா? இண்டர்வியூவுக்கு வந்திருக்கிறார்கள். நீங்கள் இங்கே உட்காருங்கள்," என்றார் இந்தியில்.

அப்போதுதான் பெயர்ப்பலகையைப் படித்தேன். பெண்கள் பள்ளி. விடுதியும் உண்டு. பெற்றோர் காத்திருக்கும் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்ன, விஜிலென்ஸா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு தடவை சொன்னேன். மக காலேஜ் போன வருஷம். மலையில ஒரு ஸ்கூல்ல கேக்காங்க, போகட்டுமான்னு. நீங்க சிரிச்சிய. சிரிச்சிட்டு, தோசை ஆறிப்போச்சு, வேற ஒண்ணு ஊத்துன்னிய."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.

நைனிதாலில் வயது அதிகம் என்று சொல்லிவிட்டார்களாம். ராணிகேத்தில் கம்ப்யூட்டரும் சேர்த்துக் கற்பிக்கும் ஆள் வேண்டுமாம். இங்கே ஆறு முதல் எட்டு வரை கணக்கு, கூடவே விடுதிப் பொறுப்பு. ஜூலையில் சேரச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் மகளுக்குத் தெரியும். விண்ணப்பம் அனுப்பியதே மகள்தான்.

"அப்ப என்னை விட்டுட்டுப் போறே."

"போறேன். உங்களை விட்டுட்டுன்னு யாரு சொன்னா?"

இறங்கும் வழியில் அவள் கால் கிலோ பால் மிட்டாய் வாங்கி, ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். கோபத்தோடேயே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் அவளைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். தில்லிக்குத் திரும்பிய பின் ஒரு மாதம் தினமும் நாலைந்து தடவை போன் செய்தேன். பக்கத்தில் யார், பேச்சுக் குரல் யாருடையது, நேற்று ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். மெஸ்ஸில் வேலை செய்யும் பெண், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், சிக்னல் இல்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒருநாள் மட்டும், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த விசாரணை?" என்றாள். போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த பருப்பு கரிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

நவம்பரில் ஜனக்புரியில் எதிர் வீட்டு மொட்டை மாடி தெரியாத அளவுக்குப் புகை. இருமிக்கொண்டே போன் செய்தேன். இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்து அவள் சொன்னாள்.

"இங்க பள்ளிக்கூடத்துக்குக் கீழ ஒரு ரூம் வாடகைக்கு வருது. வெயில் நல்லா விழுது. வாரியளா?"

எதற்காகக் கூப்பிடுகிறாள், இரக்கமா, இல்லை மகள் சொல்லிக்கொடுத்தாளா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்கவில்லை. மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன்.