தாரா, காங்கிரீட்டா

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் கேட்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எழுபது அடி வழி. அதில் போட்டிருந்த தார் பெயர்ந்து, ஜல்லி துருத்திக்கொண்டு, மழைக்காலத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். போன ஏப்ரலில் அதை மாற்றக் கூட்டம் போட்டார்கள். தார் போடுவதா, காங்கிரீட் போடுவதா என்பதுதான் கேள்வி. பதினெட்டு குடும்பங்களில் கட்டட வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். முப்பது வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன்.

அந்த இடத்துக்குக் காங்கிரீட்தான் சரி. எங்கள் காம்பவுண்ட் தெருவைவிடத் தாழ்வு. தண்ணீர் தேங்கினால் தார் தாங்காது. ஆனால் காங்கிரீட் போட்டால் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரமாவது வண்டி ஏறக் கூடாது. தார் என்றால் மறுநாளே ஆட்டோ உள்ளே வரலாம்.

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது அவளால் காலை ஊன்றவே முடியாது. லிஃப்ட் வாசல் வரை ஆட்டோ வந்தாக வேண்டும்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவளே சொன்னாள். "என்னங்க, எனக்காகப் பாக்காதீங்க. ரெண்டு வாரந்தானே, வாச்மேனும் நீங்களும் நாற்காலில தூக்கிட்டுப் போயிடலாம்."

சரி என்றுதான் சொல்லிவிட்டுப் போனேன்.

சேர்மன் மராத்திக்காரர், நல்ல மனுஷர். "நீங்க சைட்ல இருந்தவர். நீங்க சொல்றதுதான்" என்றார் ஹிந்தியில். முந்தின நாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தது நினைவுக்கு வந்தது. "தாரே போதும். வாட்டம் சரியா குடுத்தா தண்ணி ஓடிடும்" என்றேன். தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுக்க அங்கே வழியே இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது மாடி டீச்சர் மட்டும், காங்கிரீட் ரொம்ப நாள் வருமே என்று கேட்டார். "பில்டிங்கையே இடிச்சுக் கட்ட ரீடெவலப்மென்ட்டுக்குப் போகப் போகுது, எதுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். எந்த பில்டரும் எங்களை எட்டிப் பார்த்து வருஷங்களாகிவிட்டன.

மே மாதம் தார் போட்டார்கள். மறுநாள் ஆட்டோ உள்ளே போனபோது அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"தாரா?"

"எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க."

லிஃப்ட் வாசலில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஜூன் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. தண்ணீர் வடிந்தபோது தார் தகடு தகடாகக் கையோடு வந்தது. ஜூலையில் லிஃப்ட் வாசலிலேயே பெரிய குழி. ஒருநாள் ஆட்டோவின் முன்சக்கரம் அதில் இறங்கி, அவள் நெற்றி கம்பியில் மோதிப் புடைத்துவிட்டது. அதன்பிறகு எந்த ஆட்டோக்காரரும் கேட்டைத் தாண்டவில்லை. மழைக்காலம் முழுக்க நானும் வாச்மேனும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தோம். ரெயின்கோட்டுக்குள் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் சேர்மன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நாற்காலிக்கு ஒரு கை கொடுத்தார். "இந்த வருஷ மழை அப்படி. யாரைச் சொல்றது?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்காலியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு வேண்டாங்க." அடுத்த வாரமும் ஒரு நாள் அப்படியே. டாக்டர் கடிந்துகொண்டார், தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "நான்தான் தார் போடச் சொன்னேன்."

"தெரியும்."

"காங்கிரீட்னு சொல்லியிருக்கணும்."

"விடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலில் அதுகூட இல்லை.

இப்போது மழை நின்றுவிட்டது. குழிகளில் கல்லும் மண்ணும் கொட்டி நிரவியிருக்கிறார்கள். ஆட்டோக்கள் மறுபடி உள்ளே வருகின்றன. அவள் வாரம் இரண்டு நாள்தான் போகிறாள். மூன்றாவது நாள் காலையில் நான் அவளை எழுப்புவதில்லை.