முகத்துக்கு மூன்று மண்

காலையில் எழுந்ததும் பிளாரன்ஸ் முதலில் திறப்பது கிழக்குப் பார்த்த ஜன்னலைத்தான். ஜன்னல் கட்டையில் ஒரு கைக்கண்ணாடி, ஒரு பீங்கான் கிண்ணம், மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டில். பாட்டிலில் இருக்கும் பழுப்புப் பொடியைக் கொஞ்சம் கிண்ணத்தில் தட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, நெற்றி, கன்னம், கழுத்து, காது மடல் என்று மெல்லிசாகப் பூசிக்கொள்வாள். காயும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் உதட்டோரம் வெடித்துவிடும். புருஷன் பிள்ளை உள்ளவர்களுக்கு அது பெரிய பாடு. மாப்பிள்ளையூரணியில் ஒற்றை ஆளாகக் குடியிருக்கும் பிளாரன்ஸுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அந்தப் பொடி மண். மூன்று மண். வெள்ளைக்கு நாமக்கட்டி, சிவப்புக்குக் காவிக்கட்டி, கறுப்புக்கு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். மூன்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்க வைத்து, மேலே கலங்கி நிற்கும் மெல்லிய வண்டலை மட்டும் வேட்டித் துணியில் வடித்து, காயவைத்து, அரைத்து, மறுபடியும் சலித்து வைத்துக்கொள்வாள். குழாய்த் தண்ணீர் இந்த வேலைக்கு உதவாது. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் உப்பு, மண்ணையே திரிய வைத்துவிடும். விலை கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர்தான் வேண்டும். குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறாளே என்று எதிர்வீட்டுச் செல்வராணிக்கு வெகுநாள் ஆற்றாமை. பிறகு பிளாரன்ஸ் சொல்லிக் கொடுத்தபடி கரிசல் வண்டலைத் தலையில் தேய்த்துக் குளித்துப் பார்த்தாள், முடி புசுபுசுவென்று வந்தது, அதன்பின் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துக்கு முல்தானி மட்டியும் பிளாரன்ஸிடம்தான் கேட்டு வாங்கிப் போவாள். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவாள்.

இத்தனை பாடு எதற்கென்றால், பிளாரன்ஸின் முகத்தில் அவளுடைய நிறம் இல்லை.

இருபத்து நாலு வயதில் வலது கண்ணோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. தேமல் என்று நினைத்துப் பூவரசங்காயை உரசிப் போட்டார்கள். புள்ளி கன்னத்துக்கு இறங்கியது, கைவிரல்களுக்குப் போனது. இது வெண்புள்ளி, நோயே கிடையாது, யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். டாக்டர் பேச்சை ஊர் என்றைக்குக் கேட்டது? சளிக்கு ஊசி போடச் சொன்னால் கேட்கும். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு தங்கை எமில்டாவின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை செபாஸ்டின், கீழவைப்பாரில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரத்தில் அப்பா பிளாரன்ஸைக் கூப்பிட்டு, “நீ கொஞ்சம் குசினிக்குள்ள இரும்மா” என்றார். மணப்பெண் எமில்டா பக்கத்தில்தான் நின்றாள். பூ வைத்த தலையைக் குனிந்துகொண்டாள். பிளாரன்ஸ் அன்று முழுக்க அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டும் பந்திக்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டும் இருந்தாள். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் அவள் இல்லை. அப்பாவை அவள் மன்னித்துவிட்டாள். எமில்டா குனிந்த அந்தத் தலையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அம்மா அடக்கத்திலும் அப்பா அடக்கத்திலும் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசிக்கொள்வார்கள். கீழவைப்பாருக்கு மட்டும் அவள் போனதே இல்லை.

துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. சுவரைப் பார்த்த மேசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைகளில் விற்ற முகப்பூச்சுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தாள். எல்லாம் வெளுத்தவர்களை இன்னும் வெளுக்க வைக்கிற சரக்கு. இவளைப் போன்ற கறுத்த பெண்ணுக்கு ஒரு டப்பா கிடையாது. ஒருநாள் தாணுலிங்கம் அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மட்டி வாங்கப் போனவள், தட்டில் கிடந்த நாமக்கட்டியையும் காவிக்கட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டிலும் கொஞ்சம் கேட்டாள்.

“நீங்க மாதா கோயிலுக்குப் போறவியல்லா, ஒங்களுக்கு எதுக்கும்மா நாமக்கட்டி?” என்றார் அண்ணாச்சி.

“சொவத்துக்குப் பூச அண்ணாச்சி.”

அண்ணாச்சி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதன்பின் வருஷக்கணக்காக, காவிக்கட்டி வந்து இறங்கும்போது அடர்ந்த கட்டிகளாகப் பொறுக்கி அவளுக்கென்று தனியே எடுத்து வைப்பார். என்ன ஏது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஊரில் கேட்காமல் இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

மண் ஒரு தரம் இருப்பதுபோல மறுதரம் இருக்காது. அதனால் அளவு சொல்லிக் கலக்க முடியாது. ஈரத்தில் கறுக்கும், காய்ந்தால் வெளுக்கும். பூசிக் காயவிட்டு, வெயிலில் வைத்து, மிச்சமிருக்கும் சொந்தத் தோலோடு ஒத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். முதலில் நெற்றியோடு ஒத்துப் பார்த்தாள். நெற்றி வெளுத்தது. மோவாயோடு பார்த்தாள். அதுவும் போயிற்று. கடைசியில் இடது காதுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் அவள் நிறம் இருந்தது. அதுவும் போனபின், புதுப்பொடி அரைக்கும்போது பாட்டிலில் பழையதில் ஒரு பிடி மிச்சம் வைத்து, அதைப் பார்த்துக் கலந்தாள். அப்படி அவள் நிறம் பாட்டிலுக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த டிசம்பர் மழை வந்தது. எங்கள் ஜில்லாவில் அதைச் சொன்னால் போதும், எந்த மழை என்று யாரும் கேட்க மாட்டார்கள். விடிந்தபோது வீட்டுக்குள் கட்டில் உயரம் தண்ணீர். ஜன்னல் கதவு அடித்ததில் பாட்டில் விழுந்து, மூடி கழன்று, உள்ளிருந்த பொடியெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்த கட்டிகள் கரைந்து, மூன்று மண்ணும் தெருச்சேற்றோடு ஒன்றாகிவிட்டன. பிளாரன்ஸ் மேசைமேல் ஏறி நின்றாள்.

கடற்கரை ஆட்கள் பைபர் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு படகில் செல்வராணி குடும்பத்தோடு இருந்தாள். “எதுத்த வீட்டுல ஒரு அக்கா தனியா இருக்காவ, அவியளையும் ஏத்துங்க” என்று அவள் சொல்வது பிளாரன்ஸுக்குக் கேட்டது. படகு வாசலுக்கு வந்தது. செல்வராணி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“நீங்க யாரு? பிளாரன்ஸ் அக்கா உள்ள இருக்காவளா?”

“நாந்தான் செல்வராணி.”

செல்வராணி கைகொடுத்து ஏற்றிவிட்டாள். நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்த நாட்களில் சாப்பாடு வாங்கிவந்து கொடுத்தாள். ஆனால் பேச்சு மட்டும் புதுசாகப் பார்க்கிற ஒருவரிடம் பேசுவதுபோல இருந்தது. பிளாரன்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் இந்தத் தெருவில் தன்னை ஒருவருக்கும் தெரியாது, தன் பொடியைத்தான் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவியபின் மறுபடியும் மூன்று மண்ணும் வாங்கினாள். அண்ணாச்சியின் பழைய சரக்கும் வெள்ளத்தோடு போயிருந்தது. புதுக் காவி மஞ்சளடித்தது. கலந்து பூசிப் பார்த்தாள். இதுதானா? தெரியவில்லை. கேட்டடியில் நின்று, “செல்வராணி, பழைய மாதிரி இருக்கா?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா.”

மறுநாள் கறுப்பைக் கூட்டிப் பூசிக்கொண்டு கேட்டாள்.

“இதுவும் நல்லாத்தான் இருக்குக்கா.”

மூன்றாவது தடவை கேட்டபோது செல்வராணி துவைக்கப் போட்டது கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். பிளாரன்ஸுக்கு ஆத்திரமாக வந்தது. பீரோவின் மேல்தட்டில் நனையாமல் கிடந்த பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர்கள் கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுத்த படங்கள். ஒன்றில்கூட அவள் நிறம் இல்லை. கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். கண்ணுக்குள்ளும் வரவில்லை. செத்தபின் பெட்டிக்குள் எந்த முகத்தோடு படுப்பது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவள் சொந்த நிறத்தைக் கூடவே இருந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது எமில்டா ஒருத்திதான். சின்ன வயதில் இருவரும் ஒரே நிறம் என்று அம்மா சொல்வாள். ஒரு சனிக்கிழமை, கிண்ணத்தையும் கைக்கண்ணாடியையும் மூன்று பொட்டலத்தையும் ஒரு பாட்டில் கேன் தண்ணீரையும் பையில் வைத்துக்கொண்டு, வெறும் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடி வேம்பார் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் கூட்டம். அவள் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே வந்தது.

கீழவைப்பாரில் வீட்டை விசாரித்துப் போனாள். முன்பக்கத் தெருவில் ஆட்கள் நின்றார்கள். அவள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குசினி வாசலில் எமில்டா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டின் இறந்தபின் அவளும் தனிதான், மகன் கிளைட்டன் மஸ்கட்டில். தலைப்பு மூடிய உருவத்தைப் பார்த்ததும் அரிவாள்மனையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

“அக்கா” என்றாள்.

யாரென்று கேட்காதது பிளாரன்ஸுக்குத் தெம்பாக இருந்தது. தலைப்பை எடுத்துவிட்டு, “ஒரு காரியமா வந்தேன். ஒன் மூஞ்சி எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்” என்றாள். பாட்டில் போனதையும், காதுக்குக் கீழே இருந்தது போனதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே குசினித் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தாள்.

எமில்டா குனிந்து அவற்றை மறுபடியும் மடித்தாள்.

“இங்கன வேண்டாம்க்கா. இருட்டாக் கெடக்கு. முன்வாசலுக்கு வா.”

“ஆளுவ பாப்பாவ.”

“பாத்தாப் பாக்கட்டும். வெளிச்சம் அங்கனதான் இருக்கு.”

அவளே இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் எதிரெதிராகப் போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து முகத்தை வெயிலுக்குக் கொடுத்தாள்.

பிளாரன்ஸ் குழைத்தாள். தன் கன்னத்தில் பூசி, காயும்வரை காத்திருந்து, கண்ணாடியில் தன்னையும் நேரே தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவப்பு கூடிவிட்டது. துடைத்துவிட்டுக் கரிசலைச் சேர்த்தாள். மறுபடியும் பூசி, மறுபடியும் காத்திருந்தாள். காய்கிற நேரமெல்லாம் அவள் பேச முடியாது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எமில்டா நாற்காலியை நகர்த்தவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. இவ்வளவு நேரம், இவ்வளவு பக்கத்தில் ஒரு மனித முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று பிளாரன்ஸ் நினைத்தாள். தங்கைக்கும் வயதாகியிருந்தது.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் நிறம் ஒத்துவிட்டது. கன்னத்துக்குக் கன்னம் வித்தியாசம் தெரியவில்லை. பிளாரன்ஸ் முகம் முழுக்கப் பூசிக் காயவிட்டு, “சரியா இருக்கா?” என்றாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

எமில்டா நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

“இது என் நெறம்க்கா. ஒன் நெறம் இது இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு அம்மா சும்மா சொல்லுவா.”

“அப்ப என்னுது எப்படி? கறுப்பு கூடவா, சிவப்பு கூடவா?”

எமில்டா யோசித்தாள். அவள் கண் கலங்கியது.

“ஒன் மூஞ்சி ஞாபகம் இருக்கு. சிரிச்சா எப்படி இருப்பன்னு ஞாபகம் இருக்கு. நெறம் வரமாட்டேங்குதுக்கா. அப்பல்லாம் அத யாரு பாத்தா?”

அவ்வளவுதான், இனி அதைச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை. கிண்ணத்தைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். எமில்டா சாப்பிடச் சொன்னாள். மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது எமில்டா, “கிறிஸ்துமஸ்வரைக்கும் இருக்காத, அதுக்கு முன்ன வா” என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒரு கருவாட்டுக்காரி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க எங்க எமில்டாவுக்குக் கூடப் பொறந்தவியளா? அப்படியே அவள உரிச்சி வச்சிருக்கே.”

“ஆமா, அவளுக்கு அக்கா” என்றாள் பிளாரன்ஸ். உதட்டோரம் மண் வெடித்தது. அதைத் தொட்டுக்கொண்டே மாப்பிள்ளையூரணிவரை வந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டாள். வெளியே போய்வந்தால் முதல் வேலையாக முகத்தைக் கழுவிவிடுவது அவள் வழக்கம். ராத்திரி முழுக்க மண் இருந்தால் தோல் வறண்டு எரியும். வாளியில் தண்ணீர் எடுத்து வைத்தாள். கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் எமில்டாவின் நிறம் இருந்தது. அவளுக்கு அதைக் கழுவ மனம் வரவில்லை. எரிந்தால் எரியட்டும், இன்றைக்கு ஒருநாள் வீட்டில் ஆள் இருக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.