நாலாவது பந்து

வாளை இடுப்பில் கட்டிக்கொண்டே மட்டை பிடித்தார் டிட்மார்ஷ் என்று ஹாலிங்ஃபோர்டு ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்று ஸ்கோர் எழுதியவரைத் தேடிப்போய்க் கேட்டால் சிரிக்கிறார். வாள் ஸ்கோர் மேசைமேல் கிடந்ததாம், தாள் காற்றில் பறக்காமல் இருக்க. அந்த வாள் ராணிக்குச் செய்த ஒரே சேவை அதுதான்.

ஆம்ப்ரோஸ் டிட்மார்ஷ் பிழைப்புக்கு வக்கீல். சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் கிரிக்கெட் ஆடும் கனவான். ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேரும் ராணியின் தொண்டர் படையில் பதினெட்டு வருஷமாகக் கேப்டன். எதிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தெருவில் யாராவது "கேப்டன்" என்று கூப்பிட்டால் ஒரு அங்குலம் உயர்ந்துவிடுவார்.

ஒரு ஆகஸ்டில், பக்கத்து ஊரோடு ஆட்டம் இருந்த நாளாகப் பார்த்து, படையின் தலைவர் கர்னல் ஸ்ட்ரிக்லண்ட் அணிவகுப்பு வைத்தார். வராத அதிகாரிக்குப் பதவி இல்லை என்று கண்டிப்பு வேறு. டிட்மார்ஷ் கவலைப்படவில்லை. தன் படையை நேராக மைதானத்துக்கே நடத்திப்போய் எல்லைக்கோட்டில் நிறுத்திவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ஆடப் போனார்.

கடைசி ஓவர். அப்போதெல்லாம் ஓவருக்கு நாலு பந்து. மூன்று ஆகிவிட்டது, ஜெயிக்க இரண்டு ஓட்டம். அந்த நேரம் பார்த்துக் குதிரையில் வந்து நின்றார் கர்னல்.

"யோவ் டிட்மார்ஷ்! இங்க வாய்யா!"

"அவுட் ஆனா வர்றேங்க. அவசரம்னா பந்து போடறவன்கிட்ட சொல்லிப் பாருங்க."

நடுவர் க்ரௌச் கர்னலின் குத்தகைக்காரர். பயத்தில், "ஓவர்!" என்று கத்தி, பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூணுதான்யா ஆச்சு, க்ரௌச்!"

"நாலு மாதிரி இருந்துச்சுங்க, கேப்டன்."

கோயில் மணி ஏழு அடித்தது; ஆட்டத்துக்குக் கெடு அதுதான். ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பதவி தப்பும் என்று கர்னல் ஆள் அனுப்பினார். "முதலில் அந்தப் பந்தைப் போடச் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்பினார் டிட்மார்ஷ். பதவி போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே இடத்தில் மட்டையோடு போய் நிற்பார். வேலிக்கு அந்தப் பக்கம் க்ரௌச் தலை தெரியும்.

"என் பந்து எங்கய்யா?"

"மழை வர்ற மாதிரி இருக்குங்க, கேப்டன்."

பதினாறு ஆகஸ்டு இப்படியே போயிற்று. போன வருஷம் டிட்மார்ஷ் செத்துப்போனார். பந்து இன்னும் க்ரௌச்சின் அலமாரியில் இருக்கிறது. மூன்றா, நாலா என்று கேட்டால், கர்னல் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் வானம் சரியில்லீங்க" என்கிறார்.