எழுத்துத் திரையில் பெண் பார்த்த கதை

எனக்குப் பெண் பார்த்தது கொல்லிமலை மேலே, வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆபீசில். பெண் இருந்தது நாமக்கல்லில். நடுவில் ஒரு டெலிபோன் கம்பிதான்.

இரண்டாயிரமாவது வருட வாக்கில் மிளகு விலையையும் மழை அளவையும் தினமும் நாமக்கல் ஆபீசின் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என் வேலை. போன் லைன் வழியாக அதற்குள் நுழைந்து இங்கே தட்டினால் அங்கே வேலை நடக்கும். என் முன்னால் இருந்த திரைக்குப் பச்சை எழுத்தைத் தவிர வேறெதுவும் காட்டத் தெரியாது. இருந்ததோ ஒரே லைன். அதில் கம்ப்யூட்டர் பேசினால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நாமக்கல் ஆபீசில் கிளார்க்காக இருந்த என் மாமா அன்று மத்தியானம் போன் செய்தார்.

"மாப்ள, ஒரு பொண்ணு போட்டோவ ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கறேன். பாத்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லு. இல்லீன்னா அவங்க வேற எடம் பாக்கறாங்களாம்."

எழுத்துத் திரையில் போட்டோ வராது என்று மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் கல்யாண ஆசை வந்தவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? கடிதம் படிக்கிற கட்டளையையே கொடுத்து அந்த ஃபைலைத் திறந்தேன்.

பீப் பீப் என்று ஒரே அலறல். என்னென்னவோ மடமடவென்று ஓடி ஓய்ந்தபோது, படிக்கிற மாதிரி ஒரு எழுத்தும் மிச்சமில்லை. எல்லாம் கோடு, மூலை, கட்டம். என் பெயரைத் தட்டினேன். வேலிக்கம்பி மாதிரி ஏதோ வந்தது. லைனைத் துண்டித்தும் பார்த்தேன். கட்டங்கள் அசையவில்லை. திரையை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் முன்பு ஒரு தடவை அணைத்தபோது அது திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மேலாளர் சுவிட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டி, தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

சத்தம் கேட்டு அவரே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இதென்ன, ஊடு கட்டற பிளானா?"

"மழைக் கணக்குங்க சார்."

"நல்ல மழையாட்ட இருக்குது," என்று போய்விட்டார்.

மாமாவுக்குப் போன் போட்டு மானத்தை விட்டுச் சொன்னேன். "இரு, இங்க புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்குது, அதுகிட்டக் கேளு," என்று போனைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. "ஒண்ணும் ஆகலீங்க. மறுபடியும் உள்ள போயி ரீசெட்டுன்னு அடிச்சு என்டர் தட்டுங்க."

"அடிக்கறது கண்ணுக்குத் தெரியாதுங்களே?"

"உங்க கண்ணுக்குத்தானுங்க கோடு. இங்க எழுத்தாத்தான் வரும். பாக்காம அடிங்க."

போனை வைத்துவிட்டு லைனைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். அது பெயரைக் கேட்கிறதா, பாஸ்வேர்டைக் கேட்கிறதா என்றே தெரியவில்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். சொந்தப் பெயரையே தப்பாக அடித்தேன். மறுபடியும் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் அடித்து, கடைசியில் ரீசெட் என்று தட்டினேன். கட்டமெல்லாம் ஓடிப்போய்ப் பச்சை எழுத்து வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லைனைத் துண்டித்து, நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டேன். அதே பெண்தான் எடுத்தது.

"வந்திருச்சுங்களா? அப்படி எந்த ஃபைலத்தான் திறந்தீங்க?"

"ஒரு போட்டோங்க."

"யாரு போட்டோ?"

"தெரியாதுங்க. பொண்ணு பாக்கச் சொல்லி மாமா போட்டிருந்தாரு."



"அது என்னோட போட்டோங்க."

நான் அங்கிருந்து மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் உருண்டுவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"எப்படி இருந்தேன்?"

"ரொம்பச் சத்தமா இருந்தீங்க."

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், போனை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துப்போனது.

மாமா போனை எடுத்தார். "பொழுதாச்சு மாப்ள. போட்டோவப் பாத்தியா, இல்லையா?"

"பாக்கலீங்க மாமா. சரீன்னு சொல்லிருங்க."